பாட்டியின் இடுப்பும் கணிப்பொறியும்

எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அளித்துள்ள உடலில் வியப்புக்குரிய உறுப்பு எது என்று வகுப்பில் கேட்டால், கண் என்பார்கள் சிலர். இதயம் என்பார்கள் சிலர். மூளை என்று சொல்லுவோரும் உண்டு. இடுப்பு மூட்டு என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. வலி வரும் வரையில் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வராத உறுப்பு அது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டிக்கு வலி வரும் வரையில்.

ஓரிக்கையில் நெசவாளர் வீட்டுப் பாட்டி அவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தரையில் அமர்ந்து, ராட்டையைச் சுழற்றித் தார் சுற்றிக் கொடுத்தவர். தாத்தா தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்து நெய்ய, ஊடைக்கு வேண்டிய பட்டு நூல் பாட்டியின் கையிலிருந்தே வரும். முதலில் தொடை இடுக்கில் சிறிது வலி. தைலம் தேய்த்துக்கொண்டார். பிறகு முழங்கால் வலிப்பதாகச் சொன்னார். இடுப்பு மூட்டு கெட்டால் வலி முழங்காலில் தோன்றுவதும் உண்டாம். அதனால் முழங்காலுக்கே மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்து ஏமாறுவோர் பலராம். கடைசியில், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கை கொடுக்க வேண்டிய நிலை வந்தது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், "மூட்டை மாற்றுவதுதான் வழி" என்று சொல்லிவிட்டார்.

குடும்பத்தார் இரண்டு மருத்துவமனைகளில் விசாரித்தார்கள். ஓரிடத்தில் வழக்கமான அறுவை சிகிச்சை. மற்றோரிடத்தில் கம்ப்யூட்டர் வழிகாட்டுதலுடன் கூடிய அறுவை சிகிச்சை. அதற்குக் கட்டணம் கூடுதல். சேலைக் கூலியை விரல்விட்டு எண்ணி வாழும் வீட்டில் அந்தக் கூடுதல் சிறிய கூடுதல் அல்ல. கடன் வாங்கியாவது நல்லதைச் செய்ய வேண்டும் என்றார் மகன். பாட்டி கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அறுக்கிறது டாக்டரா, கம்ப்யூட்டரா?"

தோழி அந்தக் கேள்வியை எங்கள் அறிவியல் மன்றத்துக்குக் கொண்டு வந்தாள். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. மாணவி ஒருத்தியின் தந்தையாரான எலும்பு மருத்துவரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். வீட்டில் பாட்டி தாத்தா உள்ள மாணவியர் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

முதலில் மூட்டின் அமைப்பைப் பார்ப்போம். ஆட்டுக்கல்லை எல்லாரும் பார்த்திருப்போம். கல்லின் நடுவே குழி. அதில் குழவி எல்லாப் பக்கமும் திரும்பிச் சுழலும். நம் தொடை எலும்பின் மேல் முனையும் குழவியைப் போல் உருண்டு, பந்தாக இருக்கிறது. அது பொருந்துவதற்கு இடுப்பு எலும்பில் ஒரு கிண்ணம் இருக்கிறது. பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளும் வழுவழுப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கிறது. இடையே சிறிது நீர், எண்ணெய் விட்டாற்போல. இந்த ஏற்பாட்டினால்தான் நாம் நடக்கிறோம், ஓடுகிறோம், கோயிலில் முழந்தாளிடுகிறோம், சம்மணமிட்டு உண்கிறோம். முதுமையாலும் முடக்குவாதத்தாலும் குருத்தெலும்பு தேய்ந்து போகலாம். பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் இளம் வயதிலும் பந்து சரிந்து போகலாம். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்வதும் மதுப்பழக்கமும் இதற்குக் காரணமாகின்றன. குருத்தெலும்பு போய்விட்டால் எலும்போடு எலும்பு உராயும். அரிசி போடாமல் வெறும் ஆட்டுக்கல்லைச் சுற்றினால் எப்படி இருக்கும்? அதுதான் பாட்டியின் வலி.

கெட்ட மூட்டை எடுத்துவிட்டுப் புதியது வைக்கும் முயற்சி நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஜெர்மனியில் தெமிஸ்டோகிளஸ் குளுக் என்பவர் 1891ஆம் ஆண்டு வாக்கில் யானைத் தந்தத்தால் பந்து கடைந்து பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் ஸ்மித்-பீட்டர்சன் என்பவர் 1923இல் கண்ணாடிக் கிண்ணம் வைத்தார். உடலின் பாரம் தாங்காமல் கண்ணாடி உடைந்தது. எல்லாருக்கும் பயன்படும் முறையைக் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் சார்ன்லி. லங்காஷயரில் ரைட்டிங்டன் என்னும் ஊரின் மருத்துவமனையில் அவர் பணிபுரிந்தார். பந்து உலோகத்தில் இருக்கட்டும், கிண்ணம் வழுக்கும் பொருளில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். ஒட்டாத தோசைக் கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானைக் கொண்டே கிண்ணம் செய்தார். நோயாளிகள் வலி நீங்கி நடந்தார்கள். ஆனால் ஓரிரண்டு ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அதன் தூள் உடம்புக்குள் சேர்ந்து, மூட்டுகள் ஒவ்வொன்றாய்க் கெட்டன. ஏறத்தாழ 300 பேருக்கு வைத்தவற்றை அவரே திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நாள்களில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அப்போது நடந்ததுதான் நெசவாளர் ஊரில் பிறந்த எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1962 மே மாதத்தில் விற்பனையாளர் ஒருவர் அந்த மருத்துவமனைக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது பாலித்தீன் வகையைச் சேர்ந்த, மிகக் கெட்டியான ஒரு புதிய பிளாஸ்டிக். லங்காஷயர் நெசவாலைகளின் இயந்திரத் தறிகளில் ஓயாமல் அடிபடும் பாகங்களுக்காக வந்த பொருள் அது! சார்ன்லி அதைப் பெரிதாக மதிக்கவில்லை. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பொறிகளைச் செய்து கொடுத்த ஹாரி கிரேவன் என்பவர்தான், சார்ன்லி வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து, அதைத் தேய்ப்புப் பொறியில் பொருத்தி ஓட்டிவிட்டார். மூன்று வாரம் ஓட்டியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி அதைக் கண்டு, இம்முறை அவசரப்படாமல், டெஃப்லானையும் இந்தப் புதிய பொருளையும் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். டெஃப்லான் இருந்த இடத்தில் கட்டி கண்டது. மற்றது ஒரு தீங்கும் செய்யவில்லை. 1962 நவம்பரில் புதிய கிண்ணத்தை நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார். இன்றைக்கும் உலகெங்கும் பொருத்தப்படும் இடுப்பு மூட்டுக் கிண்ணங்களில் மிகப் பல அதே பிளாஸ்டிக்கின் வழிவந்தவையே. தோழியின் தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "தறிக்குத் தேயாத சாமான் கண்டுபிடிச்சு, அதையே நமக்கும் வைக்கிறானா?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து நம் மக்களை ஆசீர்வதித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரை நம் பெற்றோர் பலர் நேரில் கண்டிருப்பார்கள். அவர் 1994 ஏப்ரலில் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் செயற்கைப் பந்து பொருத்தப்பெற்றார். அதன்பின் அவர் கைத்தடி ஊன்றியே பல நாடுகளுக்கும் சென்றதை வீட்டுப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள்.

பொருள் கிடைத்துவிட்டது. இனி என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் கிண்ணத்தைச் சாய்த்து வைக்கும் கோணத்தில் இருக்கிறது. மருந்தைக் குடிக்கும் கிண்ணத்தைச் சற்றே சாய்த்தால் மருந்து சிந்துவதுபோல, மூட்டுக் கிண்ணம் அளவுக்கு மீறிச் சாய்ந்தால் பந்து வெளியே நழுவிவிடும். மூட்டு நழுவியவர் படும் வேதனை பெரிது. மீண்டும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவர் லூயினெக்கும் அவருடன் பணிபுரிந்தோரும் 1978ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கிண்ணம் பக்கவாட்டில் 40 பாகையும், முன்னோக்கி 15 பாகையும் சாய்ந்திருக்க வேண்டும். இப்புறம் அப்புறம் 10 பாகை வரை போகலாம் என்பது அவர்கள் வகுத்த எல்லை. எல்லைக்குள் இருந்த மூட்டுகளில் நழுவியவை 100க்கு 1.5, எல்லைக்கு வெளியே இருந்தவற்றில் 100க்கு 6.1. பாகைமானியை வைத்துக் கணக்குப் போடும் நமக்கு 10 பாகை பெரிய இடைவெளியாகத் தோன்றும். அறுவை மேசையில் அப்படி அல்ல. நோயாளி ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். உடல் முழுவதும் துணியால் மூடியிருக்கிறது. மருத்துவருக்குத் தெரிவது ஒரு சாண் அகலம்கூட இல்லாத காயம். துணிக்கு அடியில் இடுப்பு சற்றே முன்னே சரிந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பு நேராக இருக்கிறது என்று நம்பி 40 பாகை வைத்தால், உண்மையில் அது வேறாக இருக்கும். கால் நீளமும் அப்படியே. ஒரு கால் மற்றதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டால், அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் செருப்புக்கு அடியில் அட்டை வைத்து நடக்க வேண்டி வரலாம்.

இங்கேதான் கணிப்பொறி வருகிறது. கணிப்பொறி என்றதும் அது நமக்கு அந்நியம் என்று எண்ண வேண்டாம். அதன் பூர்வீகத்தைத் தேடினாலும் நாம் போய் நிற்பது தறியின் முன்தான்.

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பெட்டி தெரியாத வீடு ஏது? தறியின் மேலே அது உட்கார்ந்திருக்கிறது. துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டு, மிதியை மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாய் வந்து நிற்கின்றன. துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் இழை எழாது. எழுவதும் எழாததுமாகச் சேர்ந்துதான் கரையில் மயிலும் அன்னமும் பிறக்கின்றன. பிரான்ஸ் நாட்டில் பட்டுக்குப் பெயர்போன லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் செய்த பொறி இது. அதைக் கண்டு, பூ நெய்யும் அட்டை கணக்கும் நெய்யுமே என்று எண்ணினார் இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். 1837இல் அவர் திட்டமிட்ட கணக்குப் பொறிக்குத் துளை அட்டைகளையே கொண்டுவந்தார். 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றையும் அவர் பெருமையோடு வைத்திருந்தாராம். பாபேஜின் பொறி முழுமை பெறவில்லை. ஆனால் துளை அட்டை சாகவில்லை. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணினார். அவருடைய நிறுவனம் வேறு சிலவற்றோடு சேர்ந்து வளர்ந்து, 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. அந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் துணைநிற்க உருவானதுதான் இடுப்பு அறுவை சிகிச்சைக்கு வந்த முதல் எந்திர மனிதன், ரோபோடாக்.

ரோபோடாக்கின் கதை நாய்களிடம் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் ஹாவர்ட் பால் என்ற கால்நடை மருத்துவர், மூட்டு நொந்த நாய்களுக்குச் செயற்கை மூட்டு வைத்துவந்தார். வில்லியம் பார்கர் என்ற எலும்பு மருத்துவரும் அவரும் சேர்ந்து, தொடை எலும்பைக் கையால் குடைவதைவிடப் பொறியால் இன்னும் நேர்த்தியாகக் குடையலாமே என்று நினைத்தார்கள். நாய்களுக்குச் செய்து வெற்றி கண்டபின், 1992 நவம்பரில் சேக்ரமெண்டோ நகரில் முதல் மனிதருக்குச் செய்தார்கள். முன்னதாக ஸ்கேன் எடுத்துக் கணிப்பொறியில் திட்டம் வகுத்துக்கொள்வார்கள். பிறகு பொறியே எலும்பைக் குடையும். பாட்டியின் கேள்வி இங்கே பொருந்தும். ரோபோடாக்கில் எலும்பை அறுத்தது பொறிதான்.

விளைவு? ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் ஆவலோடு இதை வாங்கின. 2003இல் அங்கிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், பொறியைக் கொண்டு தொடங்கிய 74 அறுவைகளில் 13ஐ, பொறி பழுதானதால் கையாலேயே முடிக்க வேண்டி வந்தது தெரிந்தது. மேலும், பொறியால் முடித்தவர்களில் 100க்கு 18 பேருக்கு மூட்டு நழுவியது. கையால் செய்தவர்களில் 100க்கு 4 பேருக்குத்தான். பொறி எலும்பை நேர்த்தியாகத்தான் குடைந்தது. ஆனால் அதற்கு வழிவிடத் தசைகளை அதிகமாக விலக்க வேண்டியிருந்தது. தசை நலிந்தால் மூட்டைப் பிடித்து நிறுத்துவது எது? வழக்குகள் எழுந்தன. அந்த முறை அங்கே கைவிடப்பட்டது. புதியது எல்லாம் நல்லது என்று எண்ணும் எங்களைப் போன்றோருக்கு இது நல்ல அதிர்ச்சி.

இதற்கிடையே வேறொரு வழியும் வளர்ந்துகொண்டிருந்தது. பொறி அறுக்க வேண்டாம். எங்கே, எந்தக் கோணத்தில் என்று காட்டினால் போதும். கை மருத்துவருடையதாகவே இருக்கட்டும் என்றார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டிஜியோயா என்ற மருத்துவரும் யாரமாஸ் என்ற பொறியியல் அறிஞரும் சேர்ந்து 1995இல் கிண்ணத்தின் கோணத்தைக் காட்டும் கணிப்பொறியை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார்கள். இன்று சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் கம்ப்யூட்டர் வழிகாட்டுதல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த வழியில் வந்ததே.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். கோக்க முடியாது. இரண்டு கண்ணும் இருந்தால்தான் தூரம் தெரியும். அறுவை அரங்கில் மேசைக்கு அப்பால் இரண்டு கண் உள்ள ஒரு காமிரா நிற்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை அது வீசுகிறது. நோயாளியின் இடுப்பு எலும்பில் மெல்லிய ஊசிகளைப் பதித்து, அவற்றின் மேல் ஒரு சிறு சட்டத்தைப் பொருத்துகிறார்கள். இரவில் நெடுஞ்சாலையோரம் வண்டி விளக்கு பட்டதும் பளிச்சிடும் வில்லைகளைப் போன்ற சிறு உருண்டைகள் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. குறைந்தது மூன்று உருண்டைகள் வேண்டும். ஏன் மூன்று? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது நிற்கும் அல்லவா? மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை உறுதி செய்யும் என்று வடிவக் கணிதத்தில் படித்தோமே, அதே விதிதான். தொடை எலும்பிலும் மருத்துவரின் கருவிகளிலும்கூட இத்தகைய உருண்டைகள் உண்டு. ஆகவே எது எங்கே இருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைக் காமிரா இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அடுத்து, இடுப்பின் முன்புறம் இருபக்கமும் கையால் தொட்டால் தட்டுப்படும் எலும்பு முனைகளையும், அடிவயிற்றுக்குக் கீழே நடுவில் உள்ள எலும்பையும் ஒரு முனைக் கருவியால் மருத்துவர் தொட்டுக் காட்டுகிறார். நிலம் அளப்பவர் முதலில் எல்லைக் கற்களைக் காட்டுவதுபோல இது. அந்த மூன்று இடங்களைக் கொண்டு, இந்த நோயாளியின் இடுப்பு எந்தத் தளத்தில் கிடக்கிறது என்று கணிப்பொறி கணக்கிட்டுக்கொள்கிறது. இனி நோயாளியின் உடல் துணிக்கடியில் சரிந்தாலும் கவலையில்லை; சட்டமும் கூடவே சரியும், காமிராவும் அதைக் காணும். மருத்துவர் கிண்ணத்தைப் பிடித்துத் திருப்பத் திருப்ப, திரையில் 44, 42, 40 என்று பாகைகள் ஓடுகின்றன. கால் எத்தனை மில்லிமீட்டர் நீண்டது, குறைந்தது என்பதும் தெரிகிறது. அண்மைக் காலத்தில் வந்துள்ள எந்திரக் கைகளில் இன்னொரு வசதியும் உண்டு: வகுத்த எல்லையைத் தாண்டிக் குடைய முற்பட்டால் கை இறுகி நின்றுவிடும். அப்போதும் கருவியைப் பிடித்திருப்பது மருத்துவரே.

எங்கள் ஊருக்கு ஓரிக்கை என்று பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்லுவார்கள். மன்னன் கணிகண்ணனை நாடு கடத்த, அவருடைய குருவான திருமழிசை ஆழ்வாரும் புறப்பட, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் ஆழ்வார் சொன்னபடி பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்றாம். அந்தப் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றே பெயர். ஒரு பொறியை அவரோடு ஒப்பிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்குப் பிடித்தது அந்தச் சொற்றொடர். சொன்னவண்ணம் செய்வதே கணிப்பொறியின் தொழில். தவறாகச் சொன்னாலும் சொன்னவண்ணமே செய்யும் என்பதில்தான் அபாயம். பருமனான உடம்பில் எலும்பு முனையை மூடிச் சதை தடித்திருந்தால், மருத்துவர் தொட்டுக் காட்டும் இடம் சிறிது விலகிப் போகலாம். அறுவையின் நடுவே ஊசி தளர்ந்து சட்டம் அசைந்துவிடலாம். அப்போதும் திரையில் எண்கள் நேர்த்தியாகவே ஓடும். அவை பொய் எண்களாக இருக்கும். அட்டையில் ஒரு துளை மாறினால் மயிலின் கழுத்து ஒடிவதைத் தறிக்காரர் உடனே கண்டுகொள்வார். திரையில் உள்ள எண் பொய் என்பதைக் கண்டுகொள்ள, நூற்றுக்கணக்கான மூட்டுகளைக் கையால் தொட்டுப் பழகிய மருத்துவர் வேண்டும்.

அப்படியானால் கணிப்பொறியால் பயனே இல்லையா? நிச்சயம் உண்டு. இதற்குச் சான்றாக நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் உடன் பணிபுரிந்தோரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. இடுப்பைப் பற்றியது அல்ல. வளைந்த முதுகெலும்பை நிமிர்த்துவதற்காகத் திருகாணி வைப்பதைப் பற்றியது. ஆனால் வழிகாட்டும் தத்துவம் ஒன்றே. 33 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கணிப்பொறியின் துணையோடும் மற்றதற்கு அது இல்லாமலும் மொத்தம் 478 திருகாணிகளை வைத்தார்கள். கணிப்பொறி இல்லாதபோது 54 திருகாணிகள் எலும்பின் சுவரை மீறின. இருந்தபோது 5 மட்டுமே. ஒரு திருகாணி வைக்க ஆன நேரமும் சராசரி 4.61 நிமிடத்திலிருந்து 2.37 நிமிடமாகக் குறைந்தது. தண்டுவடத்தை ஒட்டி, மில்லிமீட்டர் பிசகினாலும் கால் விழுந்துவிடக் கூடிய இடத்தில் இது எவ்வளவு பெரிய உதவி! தமிழகத்து மருத்துவர்கள் உலகுக்குக் காட்டிய கணக்கு இது என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு.

இடுப்பு மூட்டில் கதை அத்தனை எளிதாக இல்லை. கணிப்பொறியின் துணையால் கிண்ணம் குறித்த கோணத்தில் அமைவது கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குறித்த கோணமே அந்த மனிதருக்குச் சரியான கோணமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் நழுவிய 206 மூட்டுகளை எடுத்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அவற்றில் 100க்கு 58 மூட்டுகளில் கிண்ணம், லூயினெக் வகுத்த எல்லைக்கு உள்ளேயே இருந்ததாம்! காரணத்தை மருத்துவர் எங்களுக்கு ஒரு நாற்காலியை வைத்து விளக்கினார். நிற்கும்போது இடுப்பு ஒரு விதமாக இருக்கிறது. உட்காரும்போது பின்னோக்கிச் சாய்ந்து கொடுக்கிறது. முதுகெலும்பு விறைத்துப் போனவர்களுக்கு இடுப்பு சாய்ந்து கொடுக்காது. ஆகவே உட்காரும்போது தொடை எலும்பு கிண்ணத்தின் விளிம்பில் இடித்துப் பந்து வெளியே தள்ளப்படும். இவருக்கு எந்தக் கோணம் என்பதை முதுகையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை மருத்துவர் எடுத்தாக வேண்டும். எடுத்த முடிவைப் பிசகாமல் நிறைவேற்றத்தான் கணிப்பொறி.

நம் நாட்டவருக்கு இதில் இன்னொன்றும் சேருகிறது. மேல்நாட்டார் நாற்காலியில் பிறந்து நாற்காலியில் வளர்கிறார்கள். நாம் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம், குந்தி உட்கார்ந்து கோலம் போடுகிறோம், குந்தியே கழிப்பறை செல்கிறோம். மூட்டு மாற்றியவருக்கு ஆழமாக மடக்கிக் குந்துவது ஆபத்தான நிலை. அதிலும் முதல் சில மாதங்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தாத்தாவின் தறிக்குழி இந்த வகையில் நல்லதாம். காலைத் தொங்கவிட்டு உட்காருவதால் அது நாற்காலிக்குச் சமம். தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றும் பாட்டிக்குத்தான் சங்கடம். இந்தச் செய்தியை எந்தக் கணிப்பொறியும் தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாது. பாட்டி வாய் திறந்து சொன்னால்தான் மருத்துவருக்கே தெரியும். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று சொல்லிப் பழகியவர்கள் அல்லவா நம் பாட்டிமார்கள்!

ஆகவே தோழியின் வீட்டுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவைதான்: இந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை இடுப்பு மூட்டு மாற்றுகிறார்? பாட்டியின் முதுகையும் நின்றும் உட்கார்ந்தும் படம் எடுத்துப் பார்த்தாரா? கணிப்பொறி வேண்டும் என்றால், பாட்டிக்கு ஏன் வேண்டும்? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தோழியின் தந்தை முதலில் தயங்கினார். பெரிய மருத்துவரிடம் ஏன் என்று கேட்கலாமா என்று அவருக்குக் கூச்சம். பாட்டியே கேட்டுவிட்டார்.

பாட்டிக்கு முதுகு விறைக்கவில்லை, எலும்பில் பிறவிக் கோணல் இல்லை, பழைய அறுவை எதுவும் இல்லை. இப்படிப்பட்டவருக்குக் கணிப்பொறி இல்லாமலும் நன்றாகச் செய்யலாம். முதுகு இறுகியவராக இருந்தால் நானே கணிப்பொறி உள்ள இடத்துக்கு அனுப்பியிருப்பேன் என்று சொன்னார் அரசு மருத்துவமனை மருத்துவர். "அறுக்கிறது நான்தான் அம்மா, பயப்படாதீங்க" என்றும் சொன்னாராம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றும் சிகிச்சைக்கு இடம் உண்டு என்பதையும் அங்கே போனபின்தான் அறிந்தார்கள். கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. அறுவை முடிந்த மறுநாளே பாட்டியை நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள்.

நாங்கள் பார்க்கச் சென்றபோது பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாத்தா பழைய மரப்பலகைகளைக் கொண்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை அடித்து, ராட்டையை அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார். "கை எட்டலையே, இன்னும் ரெண்டு விரல் ஒசத்தணும்" என்று பாட்டி குறை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா அளவு நூலை எடுத்துக்கொண்டு வந்தார்.